ட்ராப்பனியில் காற்றுக்குத்தான் அதிகாரம்

செப்டம்பர் 23, செவ்வாய்

பிற்பகல் இரண்டே காலுக்குப் பேருந்து எங்களைத் துறைமுகத்தருகே இறக்கிவிட்டுப் போனது. ஊரே கதவடைத்துக் கிடந்தது. மருந்துக்கடை, செருப்புக்கடை, மீன்கடை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் பூட்டு. "ஏட்டி, யாராவது பெரிய தலை செத்துப் போயிட்டாரா?" என்று அம்மா கேட்டாள். தூத்துக்குடிக்காரிக்குக் கடையடைப்பு என்றால் வேறென்ன தோன்றும்? இங்கே இது தினசரி வழக்கம். ஒரு மணிக்குச் சாத்தினால் நாலரை, ஐந்துக்குத்தான் திறப்பார்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வருகிறவர்கள் தவோர்மினா, செஃபலூ என்றுதான் ஓடுகிறார்கள். தீவின் மேற்கு மூலையில், கடலுக்குள் வளைந்து நீளும் இந்த ட்ராப்பனி பலருக்கு விமானம் இறங்கும் இடம், மறுநாள் தீவுகளுக்குப் படகேறும் இடம், அவ்வளவுதான். ம்யூனிக்கில் என்னோடு இருக்க வந்திருக்கும் அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது. "கடலைப் பார்த்து உட்கார இடம் கிடைச்சாப் போதும்" என்றாள். அதனால் இந்த ஊர்.

பசி. திறந்திருந்த ஒரே காபிக்கடையில் அரன்சீனா கேட்டோம். குங்குமப்பூச் சோற்றுக்குள் கறியும் பட்டாணியும் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை. ஒன்று 3 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிய நாளிலிருந்து அம்மாவுக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது, இரண்டு சைபர் சேர்த்தால் போதும். "முந்நூறு ரூவாக்கு ஒரு போண்டாவா?" என்றவள், பாதியை நான் தின்பதற்குள் முழுதாக முடித்துவிட்டாள். கல்லாவிலிருந்த ஆள் ஒன்றும் கேட்காமலே உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டு, "சின்யோரா" என்று அம்மாவைக் கைகாட்டி உட்கார வைத்தார். எனக்கு நாற்காலி வரவில்லை.

தங்கிய வீடு பழைய ஊரில், மூன்றாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. மணியை அடித்ததும் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை ஆடி ஆடி இறங்கியது. அதற்குள் சாவி. எழுபதைத் தாண்டிய வீட்டுக்காரச் சின்யோரா மேலிருந்து ஏதோ கத்த, எதிர்வீட்டு வாசலில் பந்து உதைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார்கள். காசு நீட்டினேன். வாங்கவில்லை.

ஏழரைக்கு முன்னால் எந்த அடுப்பும் எரியாது. அதுவரை ஊர் மொத்தமும் விட்டோரியோ எமானுவேலே தெருவில் மேலும் கீழுமாக நடக்கிறது. தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, ஐஸ்கிரீம். நடந்தோம். பிறகு ரியனாட்டா என்ற இந்த ஊர் பீட்சா. தக்காளி, பூண்டு, நெத்திலி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மேலே கை நிறைய காய்ந்த ஓரிகானோ. 9 யூரோ. பில்லில் தலைக்கு 2 யூரோ மேசைக் கட்டணம் தனியாக இருந்தது. "உட்கார்றதுக்கும் துட்டா?" என்று அம்மா தெருமுனை வரை கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அந்தக் கட்டணம் பிடிக்காது. இத்தாலியில் அதை எதிர்த்து யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலையில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் இருந்தது. அதிவேகப் படகில் அரை மணி நேரம், ஃபவின்யானா தீவு.

எகாதித் தீவுகளிலேயே இதுதான் பெரியது. 1874-இல் இஞ்ஞாத்சியோ ஃப்ளோரியோ என்ற பணக்காரர் இந்தத் தீவுகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, இங்கே சூரை மீன் ஆலையை நடத்தினார். ஆலை இப்போது அருங்காட்சியகம். கமான் கமானாகப் போகும் கூடத்தில் நீளமான கறுப்புப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. வசந்தத்தில் முட்டையிட வரும் சூரைக்கூட்டத்தை வலையறை வலையறையாக நகர்த்தி, கடைசி அறையில் வலையைத் தூக்கிக் கொக்கியால் குத்தி இழுப்பார்களாம். பாட்டுப் பாடித்தான் வலை தூக்குவது வழக்கம். வலைத் தலைவனுக்கு ராயிஸ் என்று அரபிலிருந்து வந்த பெயர். 2007-க்குப் பிறகு அந்த வேட்டை இங்கே நடக்கவில்லை. எண்ணெய் கொதித்த கொப்பரைகளுக்குப் பக்கத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். "வேலை செஞ்சதுல பொம்பளைங்க உண்டா?" என்று கேட்டாள். உண்டு. டப்பாவில் மீன் அடுக்கியது அவர்கள்தான், சுவரில் படங்கள் இருக்கின்றன.

மதியம் ரொட்டிக்குள் சூரை, தக்காளி, கேப்பர் வைத்து 7 யூரோ. மிளகாய் இல்லையே என்ற குறை அம்மாவுக்கு. நான் கைப்பையிலிருந்து இட்லிப்பொடியை எடுத்துத் தூவிக் கொடுத்ததைக் கடைக்காரப் பெண் பார்த்துவிட்டாள். கேட்டு வாங்கி விரலால் தொட்டு நக்கினாள். இரண்டு தும்மல். பிறகு இன்னொரு விரல்.

மூன்று மணிக்குத் தென்கிழக்கிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி ஒரு காற்று கிளம்பியது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் மூக்கை உயர்த்தி "ஷிரோக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். நாங்களும் அப்போதே கிளம்பியிருந்தால் என்ன, எல்லோரும் ஒரே நேரத்தில்தான் துறைக்கு வந்தோம். ஐந்து மணி அதிவேகப் படகு ரத்து. அடுத்ததும் ரத்து. சீட்டுக் கவுண்டரில் ஒரு பெண் தாளில் கையால் எழுதி ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பணம் திரும்ப வேண்டுமானால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமாம். (விண்ணப்பித்தேன். பதில் வந்தது, பணம் வரவில்லை.)

கடைசியில் கார் ஏற்றும் பெரிய கப்பல்தான் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உருண்டது. அம்மா கண்ணை மூடிக் கந்தசஷ்டிக் கவசத்தை ஆரம்பித்துவிட்டாள். எதிரிலிருந்த தடித்த மனிதர், கையில் பச்சை குத்தியவர், முரட்டு முகம். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. மடியிலிருந்த பையில் ஒரு எலுமிச்சையைத் துழாவி எடுத்து, இரண்டாகப் பிளந்து, அம்மாவின் மூக்கருகே நீட்டினார். கரை வந்ததும் ஒரு தலையாட்டல். இறங்கிப் போய்விட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

இரவெல்லாம் ஜன்னல் பலகைகள் அடித்துக்கொண்டன. காலையில் வானம் பழுப்பு. சஹாராவிலிருந்து கிளம்பிக் கடலைத் தாண்டி வரும் காற்று, வழியில் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. பால்கனிக் கம்பியில் விரல் வைத்தால் செம்மண். மலைமேல் இருக்கும் எரிச்சேக்குப் போகக் கம்பிவடப் பெட்டி நிலையத்துக்குப் போனோம். காற்றினால் மூடல். மீன் சந்தைக்குப் போனோம். படகு கடலுக்குப் போகவில்லை, மேசைகள் காலி. ஒருவர் மட்டும் உறைந்த இறாலை வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார்.

வேறு போக்கிடமில்லாமல் புர்கத்தோரியோ தேவாலயத்துக்குள் ஒதுங்கினோம். நல்லதாகப் போயிற்று. பெரிய வெள்ளிக்கு ஊர்வலம் போகும் 20 சிற்பத் தொகுதிகளும் இங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. மரச்சட்டம், அதன்மேல் பசையில் தோய்த்த துணி. இயேசுவின் பாடுகள் ஒவ்வொன்றையும் ஒரு தொழிற்கூட்டம் பொறுப்பெடுத்துத் தலைமுறையாகத் தூக்குகிறது. சிலுவையை நிமிர்த்தும் காட்சி தச்சர்களுக்கு. பாதம் கழுவும் காட்சி மீனவர்களுக்கு. பேதுரு மறுதலித்ததைச் சுமப்பவர்கள் நாவிதர்கள். எதற்கு அவர்களுக்கு அது என்று யாரும் விளக்கவில்லை, நானாகக் கற்பனை செய்துகொண்டு சிரித்தேன். உடலைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் காட்சி உப்பளத் தொழிலாளர்களுடையது. வெள்ளி மதியம் கிளம்பினால் சனி மதியம்தான் திரும்புமாம். இரவு முழுக்கத் தோளில். அம்மா காலணியைக் கழற்றிவிட்டுத்தான் சுற்றி வந்தாள். காவலுக்கு இருந்தவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நடைபாதையில் கிடந்த ஒரு மின்கம்பியை ஓரமாக ஒதுக்கினார்.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் சின்யோரா இறங்கியிருந்தார். காற்று திரும்பப்போவது முந்தாநாளே முழங்காலுக்குத் தெரிந்துவிட்டதாம், அதனால் நேற்றுக் காலையே மீன் வாங்கி வைத்துவிட்டார். இன்று குஸ்குசு. துனிசியா இங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே பெரும்பாலும் ஆட்டுக்கறியோடு செய்வார்கள், இங்கே மீன்சாற்றோடு.

அகலமான மண்சட்டி, சரிந்த விளிம்பு. அதில் ஒரு பிடி ரவை, இரண்டு சொட்டுத் தண்ணீர். ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை படாமல், வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். ரவை ரவையோடு ஒட்டி மிளகளவு மணியாகத் திரண்டது. மறுபடி ரவை, மறுபடி சொட்டு. "இது புட்டுக்கு விரவுறதுதானே" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். சின்யோரா சட்டியைச் சற்றே தள்ளினார். முதல் கையில் அம்மா தண்ணீரை அதிகமாகத் தெளித்துக் கட்டி தட்டவைத்தாள். சின்யோரா "நோ, நோ" என்று புறங்கையில் ஒரு தட்டு தட்டினார். என் நினைவில் அம்மாவைச் சமையலறையில் வைத்து யாரும் அடித்ததில்லை. இரண்டாம் கையில் சரியாக வந்தது.

பிறகு பிரிஞ்சி இலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் சேர்த்து, ஓட்டைச் சட்டியில் கொட்டி, கீழ்ப்பானையோடு சேருமிடத்தில் மாவுத்திரி சுற்றி ஒட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவி. இறக்கியதும் மீன்சாற்றை ஊற்றி மூடி, பானையைக் கம்பளிப் போர்வையால் சுற்றிக் கட்டிலில் வைத்துவிட்டார். ஆமாம், கட்டிலில். ஒரு மணி நேரம் அது அங்கே தூங்கியது. சாற்றில் பாறைமீன்கள், நவரை, பாதாம், பூண்டு, தக்காளி. கடைகளில் இதே தட்டு 16, 18 யூரோ. சின்யோரா காசைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. ஆனால் இரண்டாம் முறை போடும்போது வேண்டாம் என்றதற்கு நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அம்மா மூன்று முறை வாங்கிக்கொண்டாள். மிளகாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காற்று விடவில்லை. ஆனால் இந்தக் காற்றுக்காகவே காத்திருப்பவர்களும் இந்த ஊரில் உண்டு. ஊருக்குத் தெற்கே நூபியாவில் தொடங்கி மர்சாலா வரை கடலோரமெல்லாம் உப்பளம். ட்ராப்பனி, பச்சேக்கோ உப்பளங்கள் 1995 முதல் இயற்கைக் காப்பகமும்கூட. ஓர் ஓரத்தில் உப்பு விளையும், இன்னோர் ஓரத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்.

அம்மாவின் அப்பா தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப்பிள்ளை. ஆகவே வேடிக்கை பார்க்க வரவில்லை அவள், சோதனைக்கு வந்திருந்தாள். பழைய உப்புக் கிடங்கொன்றில் அருங்காட்சியகம். வழிகாட்டிய இளைஞன் காற்றாலையின் மரப்பற்சக்கரங்களைக் காட்டினான். மேலே இறக்கை சுற்ற, கீழே சாய்ந்து கிடக்கும் திருகு தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு ஏற்றும். கடலையொட்டிய பெரிய பாத்திக்குக் குளிர்ந்தது என்று பெயர், உள்ளே போகப்போகச் சூடானது. மத்தியதரைக் கடலில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு. அதை வெயிலும் காற்றுமாகச் சுண்டவைத்துக் கடைசிப் பாத்திக்குக் கொண்டுவர வாரக்கணக்காகும். நடுவில் ஒரு கட்டத்தில் தண்ணீர் ரோஜா நிறமாகிறது. உப்பில் வாழும் நுண்பாசியின் வேலை.

"எத்தனை டிகிரியில கடைசிப் பாத்திக்கு விடுவாங்கன்னு கேளு" என்றாள் அம்மா.

எனக்கே அது என்ன டிகிரி என்று தெரியாது. அப்படியே கேட்டேன். அவன் ஒரு கணம் திகைத்து, என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான். "இருபத்தைந்து, இருபத்தாறு. போமே."

"நம்மூர்லயும் அதான்" என்று அம்மா தலையாட்டினாள். உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் அந்த அளவை ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்குகிறது. தாத்தாவும் அவருடைய ஆட்களும் டிகிரி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள் போல. அதற்கப்புறம் எனக்கு ஓய்வே இல்லை. கசப்புத் தண்ணியை எப்போது வெளியே விடுவீர்கள்? தரையை எப்படி இறுக்குவீர்கள்? அவன் ஒரு கல் உருளையைக் காட்டினான். எங்கள் ஊரில் காலால் மிதித்தே இறுக்குவார்கள் என்று அம்மா நடந்து காட்டினாள், சின்னச் சின்ன அடியாக, குதிகாலை அழுத்தி. கூலி எவ்வளவு, கண் கூசுமே கறுப்புக் கண்ணாடி கொடுப்பீர்களா, கால் வெடிப்புக்கு என்ன போடுவார்கள்? கூலிக்கு அவன் சரியான பதில் சொல்லவில்லை. பருவ வேலை என்றான். அம்மா அதை விடவில்லை, நான்தான் பேச்சை மாற்றினேன்.

வெளியே இந்த ஆண்டின் கடைசி வாரல் நடந்துகொண்டிருந்தது. வாரிய உப்பை நீளக் குவியலாகக் கட்டி, மழை வருமுன் மேலே ஓடு வேய்ந்துவிடுவார்கள். வீட்டுக்கூரையை அப்படியே தரையில் இறக்கி வைத்தாற்போல வரிசை வரிசையாக ஓட்டுக் குவியல்கள்.

வாசல் கடையில் அரைக்கிலோ கல்லுப்பு 3 யூரோ. பாத்தியின் மேல்பரப்பில் மிதக்கும்போதே எடுத்த பூவுப்பு கைக்கடக்கமான டப்பாவில் 8. "தூத்துக்குடிக்காரி உப்பு வாங்கிட்டு வந்தான்னா பஸ் ஸ்டாண்டுலயே சிரிப்பாங்க" என்று அம்மா வைத்துவிட்டாள். பதிலாக நூபியாவின் சிவந்த பூண்டை ஒரு சரம் வாங்கினாள். பாதாம், தக்காளி, துளசிக் குடும்பத்து பசில் இலையோடு இந்தப் பூண்டை இடித்து, முறுக்கிய நூடுல்ஸ் போலிருக்கும் புஸியாத்தே பாஸ்தாவில் பிரட்டுவது இந்த ஊர்ச் சாப்பாடு. இரவு அதைத்தான் சாப்பிட்டோம். பூண்டு வாசம் மறுநாள் வரை கூட வந்தது.

செப்டம்பர் 27, சனி

காற்று வடமேற்குக்கு மாறிக் குளிர்ந்தது. கம்பிவடம் இன்றும் இல்லை. பேருந்தில் கொண்டையூசி வளைவுகளாக ஏறி எரிச்சே போனோம். கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டர். உச்சியில் கோட்டை, அது நிற்குமிடத்தில் முன்பு வீனஸ் கோயில். தீவுகளெல்லாம் தெரியும் காட்சி என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது கையெட்டும் தூரத்து மூடுபனி. வீனஸின் முத்தம் என்று அதற்கு ஊரார் வைத்த பெயர். வழவழத்த கல்தரையில் அம்மா என் கையை இறுகப் பிடித்தபடி திட்டிக்கொண்டே நடந்தாள். பேக்கரியில் ஜெனோவேசே என்ற பலகாரம், உள்ளே சூடான கஸ்டர்ட், மேலே மாவுச்சர்க்கரை, 2.50 யூரோ. அதற்காக மட்டும் அந்த மலையை ஏறலாம். வேறெதற்கும் நேற்று எங்களுக்கு அது பயன்படவில்லை என்று மறுநாள் அம்மா தொலைபேசியில் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரவு விமானம் பலேர்மோவிலிருந்து. பகலில் சாந்தா ரோசாலியா குகைக்கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போக வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். பலேர்மோவில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சைவர்களும் ஞாயிறுதோறும் பெல்லெக்ரினோ மலையேறி இந்தப் புனிதையைக் கும்பிடுவது ஊரறிந்த விஷயம். 1624-இல் கொள்ளைநோய் பரவியபோது இங்கே கிடைத்த அவருடைய எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் விட்டதாக நம்பிக்கை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கத் தகர வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திச் சாய்ந்திருக்கிறார் ரோசாலியா.

முன்வரிசையில் பட்டுச்சேலையும் மல்லிகை இல்லாத கொண்டையுமாக நாலைந்து பேர். வெளியே படிக்கட்டில் அவர்களில் ஒருவர் அம்மாவின் சேலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்க இருந்து வாறியள்?"

"தூத்துக்குடி. இப்ப ட்ராப்பனியில இருந்து வாறோம்."

"ட்ராப்பனியோ? அங்க என்ன கிடக்கு? இருபத்தாறு வருசமா இஞ்ச இருக்கிறன், ஒருக்காலும் போகேல்லை."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நல்ல சனங்க. காத்துதான் சாஸ்தி. ரெண்டு நாள் படகே போகல."

"அப்ப மீன்?"

"காத்து நின்னா மலிவுதான். சாளை கிலோ அஞ்சு யூரோ எழுதியிருந்துச்சு."

"பலரோ சந்தையில ஏழு எல்லோ!" என்று அவர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஏழில்லை, ஆறரை என்றார். கணவாய்க்கு வந்தார்கள். இறாலுக்கு வந்தார்கள். தேங்காய் இங்கே எந்தக் கடையில் அழுகாமல் கிடைக்கும் என்பதற்கு ஒரு தனி வாக்குவாதம். மலையிறங்கும் பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அம்மா அவரைப் பார்த்து, கூசாமல், ஐந்து விரலையும் குவித்து மேலும் கீழும் ஆட்டினாள், இந்த ஊர்க்காரர்கள் "என்னதான் வேணும் உனக்கு?" என்பதற்குச் செய்கிற மாதிரியே. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.